டொயோட்டா அவலான்: பின்னிருக்கையிலிருந்து ஒரு மதிப்பீடு

2019 மாடலாக அமெரிக்காவில் அறிமுகமான ஐந்தாம் தலைமுறை டொயோட்டா அவலானை மதிப்பிட, ஓட்டுநர் இருக்கையைவிடப் பின்னிருக்கையே பொருத்தமான இடம். சுமார் 2,870 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) தரும் தாராளத்தால், முன்னால் உயரமானவர் அமர்ந்திருந்தாலும் பின்னால் இருப்பவர் முழங்கால் இடிக்காமல் நீண்ட பயணத்தைக் கடக்கலாம். ஆனால் கூரை பின்புறம் சரிந்து இறங்குவதால் ஏறும்போது தலையைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. மூட்டுவலி உள்ள முதியவர்களுக்கு இந்தத் தாழ்வான உடலமைப்பு எஸ்யூவி அளவுக்கு எளிதல்ல.

301 குதிரைத்திறன் கொண்ட 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜின் இதமாகவே இயங்குகிறது. எனினும் குடும்பத்திற்கு பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த 215 குதிரைத்திறன் ஹைபிரிட்டையே பரிந்துரைப்பேன். அதன் பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் பூட் (பின்புறச் சாமான் அறை) இடம் சிறிதும் குறைவதில்லை.

சொகுசுதான் நோக்கமென்றால், 19 அங்குலச் சக்கரங்கள் கொண்ட டூரிங் வகையின் மிடுக்குக்கு மயங்காமல், 17 அங்குலச் சக்கரங்களுடன் வரும் எக்ஸ்எல்இ வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டயரின் பக்கச்சுவர் தடிமனாக இருப்பதால் பள்ளங்களின் அதிர்வு உள்ளே குறைவாகவே வரும். 2022-ஆம் ஆண்டு மாடலோடு அமெரிக்காவில் விற்பனை முடிந்துவிட்டதால் இனிப் பழைய கார்ச் சந்தையில்தான் தேட வேண்டும். ஆண்ட்ராய்டு ஃபோன் செயலிகளைக் காரின் திரையில் பயன்படுத்த உதவும் ஆண்ட்ராய்டு ஆட்டோ தேவைப்படுவோர் 2021 அல்லது அதற்குப் பிந்தைய மாடலைப் பார்க்கவும்.