செம்மண்ணில் யூரியாவும் சணலும்: ஒரு வெங்காயத் தோட்ட அனுபவம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்களுக்குள்ள நான்கு பரப்பு (ஏறத்தாழக் கால் ஏக்கர்) செம்மண் தோட்டத்தில் 2016ஆம் ஆண்டு முதல் சின்ன வெங்காயம் செய்து வருகிறேன். முதல் ஐந்து ஆண்டுகள் யூரியாவை மட்டுமே நம்பியிருந்தேன். அதன் பின்னர் பசுந்தாட் பசளைக்கான சணலை விதைத்து மண்ணோடு மடக்கி உழுது, யூரியாவைக் குறைத்து இடும் முறைக்கு மாறினேன்.

யூரியாவின் வேகத்தை மறுக்க முடியாது. நூற்றுக்கு 46 பங்கு நைத்திரசன் கொண்ட அந்தப் பசளையை இட்டுத் தண்ணீர் கட்டினால் சில நாள்களிலேயே வெங்காயத்தாள் கரும்பச்சையாகிவிடும். ஆயினும் பயிர் பெரும்பாலும் யூரியாவை அப்படியே உண்பதில்லை. மண்ணிலுள்ள நொதியம் அதனை அமோனியமாக மாற்ற, பற்றீரியாக்கள் அந்த அமோனியத்தை நைத்திரேற்றாக்குகின்றன. இந்த இரு வடிவங்களில்தான் வேர் அதனை உறிஞ்சுகிறது. ஈரப் பாத்தியின் மேல் தூவி அப்படியே விட்டுவிட்டால் ஒரு பங்கு அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். நைத்திரேற்றோ மறை (எதிர்) மின்னேற்றம் உடையது. களித்துணிக்கைகளும் அதே ஏற்றம் உடையவையாய் அதனைத் தள்ளுவதால் மண் அதனைப் பற்றி வைப்பதில்லை. வெங்காய வேர் ஓரடி ஆழத்தைத் தாண்டுவது அரிது. அதற்குக் கீழே இறங்கிய நைத்திரேற்று சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே எங்கள் கிணறுகளுக்கே போய்ச் சேர்கிறது.

இதனை நான் உணர்ந்தது 2021இல். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதனால், வழமையாக இடும் ஓர் அந்தர் (ஏறத்தாழ 50 கிலோ) யூரியாவை எங்கும் வாங்க முடியவில்லை. அதே காலத்தில் பேத்தி பிறந்தாள். கிணற்றுநீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றல் குறையும் என்றும், கொதிக்க வைத்தாலும் அது நீங்காது என்றும் மருத்துவமாது சொன்னதனால் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். லீற்றருக்கு 70 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் எல்லை 50 மில்லிகிராம். அன்று எனக்கு வந்த துயரம் பெரிது.

பிறகு ஆறுதலாக இருந்து கணக்குப் பார்த்தேன். ஒரு போகத்துக்கு நான்கு பரப்புக்கும் ஏறத்தாழ நான்கு இலட்சம் லீற்றர் இறைக்கிறேன். அதில் 28 கிலோ நைத்திரேற்று, அதாவது ஆறு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நைத்திரசன், தோட்டத்துக்கு வந்து சேர்கிறது. அது கிட்டத்தட்ட 14 கிலோ யூரியாவுக்குச் சமம். அதனைக் கணக்கில் எடுக்காமலே அத்தனை ஆண்டுகளும் யூரியாவைக் கொட்டியிருக்கிறேன்.

சணல் தந்த அனுபவம் வேறு. பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிபவையே காற்றிலுள்ள நைத்திரசனைப் பிடித்துத் தருகின்றன. முதன்முறை நன்றாக வளரட்டும் என்று விட்டுவிட்டு, தண்டு நாராக முற்றிய பின் மடக்கி உழுதேன். அந்த நாரை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த நைத்திரசனையும் தமக்கு எடுத்துக்கொண்டதனால் வெங்காயம் வெளிறி நின்றது. அந்தப் போகம் விளைச்சலும் குறைந்தது. இப்போது பூக்கத் தொடங்கும் பருவத்திலேயே உழுது, உக்குவதற்கு இரண்டு மூன்று கிழமை விட்டே நடுகிறேன். மாட்டெருவுடன் 15 கிலோ யூரியா போதுமாக இருக்கிறது. அதையும் மூன்று தடவையாகப் பிரித்து இட்டு, உடனே இறைத்து விடுகிறேன்.

மஞ்சளாகத் தெரிவதெல்லாம் நைத்திரசன் குறைவு என்று நினைத்ததும் என் தவறு. சுண்ணாம்புக்கல் மேலே தெரியும் மூலையில் ஒருமுறை கச்சான் (நிலக்கடலை) போட்டிருந்தேன். அது மஞ்சளித்ததும் யூரியா தூவினேன், பலனில்லை. விவசாயப் போதனாசிரியர் வந்து, “எந்த இலை முதல்ல மஞ்சளிச்சது ஐயா, கீழிலையோ குருத்தோ?” என்று கேட்டார். குருத்துத்தான். நைத்திரசன் குறைந்தால் பயிர் கீழிலையிலுள்ளதை எடுத்துக் குருத்துக்குக் கொடுப்பதனால் கீழிலையே முதலில் மஞ்சளிக்கும். இரும்பு அப்படி இடம் மாறாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தும் கரையாது என்று விளக்கி, இரும்புச் சல்பேற்றை ஐதாகக் கரைத்து இலையில் தெளிக்கச் சொன்னார். புதிய குருத்துகள் பச்சையாக வந்தன.

வெங்காயம் முற்றும் காலத்தில் யூரியா இடுவதையும் நிறுத்திவிட்டேன். முன்பு கடைசி வரை இட்டபோது கழுத்துத் தடித்து, கட்டித் தூக்கிய பிடிகளிலேயே அழுகிவிடும். இப்போது விதை வெங்காயம் அடுத்த நடுகை வரை கெடாமல் இருக்கிறது.

கிணற்று நீரை ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கிறேன். கடைசியாக 61 மில்லிகிராம் இருந்தது. நிலத்தடி நீர் அயல் தோட்டங்களுக்கும் பொதுவானது. நான் ஒருவன் குறைத்து அது விரைவில் இறங்கிவிடாது. பேத்திக்குக் குடிக்க இன்னமும் வெளியிலிருந்தே தண்ணீர் எடுத்து வருகிறோம்.