அப்பா சயீதா, மகன் சயீதா? லட்சத்தீவின் இரண்டு அரசியல் வாழ்க்கைகள்

லட்சத்தீவில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் பத்து, எம்.பி. ஒரே ஒருவர். 1967 வரை அவரைக் குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். அந்த ஆண்டு நடந்த முதல் தேர்தலில் ஆந்த்ரோத் தீவுக்காரரான பி.எம்.சயீத் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அப்புறம் காங்கிரஸில் சேர்ந்தார். அந்த முதல் வெற்றியையும் சேர்த்து, தொடர்ந்து பத்து முறை வென்றார். 1971இல் எதிர்த்து நிற்கவே ஆள் இல்லை. மக்களவைத் துணை சபாநாயகராகவும் உயர்ந்தார். ஆனால் 2004இல் பூக்குஞ்ஞி கோயாவிடம் 71 ஓட்டில் தோற்றார். ஒரு கல்யாணப் பந்தியில்கூட அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்! தோற்ற பிறகும் டெல்லி அவரை மின்துறை அமைச்சராக்கியது, 2005இல் காலமானார்.

மகன் ஹம்துல்லா 2009இல் ஜெயித்தபோது மக்களவையிலேயே இளையவர். அந்த வேகம் நீடிக்கவில்லை. 2014இலும் 2019இலும் தேசியவாத காங்கிரஸின் முகமது ஃபைசலிடம் தோற்றார். இரண்டாவது முறை வித்தியாசம் வெறும் 823 ஓட்டு. 2024இல் அதே ஃபைசலை 2,647 ஓட்டில் வென்று திரும்பினார்.

பதவி, செல்வாக்கு என்று பார்த்தால் அப்பா பக்கத்தில் மகன் நிற்கவே முடியாது. ஆனாலும் என் மதிப்பு மகனின் 2024 வெற்றிக்குத்தான். அப்பாவுக்குப் பல காலம் பலமான எதிரணி இல்லை. மகனோ இரண்டு முறை அடிவாங்கியும் தொகுதியை விட்டு நகராமல், தன்னைத் தோற்கடித்தவரிடமிருந்தே அதை மீட்டார்.