பட்டிப்பொலக் குளிரில் படுத்துவிட்ட அடுப்பு

ஜனவரி மாதம், இரவு ஏழரை மணி, நுவரெலியாப் பக்கத்துப் பட்டிப்பொலவில் தெரிந்தவர் ஒருவரின் உருளைக்கிழங்குத் தோட்டத்து ஓரம். ரொட்டிக்கல்லில் முதல் ரொட்டி பாதி வெந்திருந்தது. அதுவரை நீலமாக நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்த அடுப்பு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி, சுற்றிவர மல்லிகை மொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. திருகைக் கடைசிவரை திறந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. போர்வைக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டிய மச்சான், “மச்சான், இது அடுப்பா, அகல் விளக்கா?” என்றார். அணைத்துவிட்டு டின்னைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பாதிக்கு மேல் சளக் சளக் என்று கிடந்தது. கேஸ் இருக்கிறது, வெளியே வரத்தான் மனமில்லை.

இரண்டு வருடமாக நான் முதுகில் தூக்கிக்கொண்டு திரியும் அடுப்பு இது. மூன்று கால் மடங்கும், உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு குட்டிக் குழாய் வழியாக நீள டின்னோடு பொருந்தும். ஹெயார் ஸ்பிரே போத்தல் போல இருக்குமே, 220 கிராம் பியூட்டேன் டின், அதுதான். கண்டியில் ஒரு கடையில் ஐயாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். பிராண்டைச் சொல்லிப் பயனில்லை, இதே அச்சை ஏழெட்டுப் பெயரில் விற்கிறார்கள். வாங்கும்போது கடைக்காரரிடம், நுவரெலியாப் பக்கம் குளிருக்கு எரியுமா என்று கேட்டேன். “எந்தக் குளிருக்கும் எரியும் சேர்” என்றார். அவர் நுவரெலியாவுக்கு வெயில் காலத்தில் மட்டும் போயிருப்பார் போல.

விஷயம் இதுதான். டின்னுக்குள் இருப்பது திரவம், அது ஆவியானால்தான் எரியும். பியூட்டேன் பூச்சியம் பாகைக்கு ஒட்டினாற்போல்தான் கொதிக்கும், அதனால் குளிர் கூடக்கூட ஆவியாவது குறையும். வெளியே ஆறேழு பாகை இருக்கும்போதே ஏன் படுத்தது என்று நானும் குழம்பினேன், அப்புறம்தான் புரிந்தது. எரிய எரிய, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தத் திரவம் தன் டின்னில் இருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. வெளிக்குளிரைவிட டின்னின் குளிர் கூடிவிடும். கையில் எடுத்தபோது ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்த சோடாப் போத்தல் மாதிரி வேர்த்திருந்தது. 2021 கடைசியில் வீடுகளில் கேஸ் வெடிக்கிறது என்று நாடே நடுங்கியபோது, புரொப்பேன் எத்தனை வீதம், பியூட்டேன் எத்தனை வீதம் என்று பஸ்ஸில் போகிறவர்கள்கூட வாதாடினோமே, அந்த வாதத்தில் அடிபட்ட அதே இரண்டு வாயுக்கள்தான். புரொப்பேன் கலந்தால் கடுங்குளிரிலும் வரும். இந்த மலிவு டின்னில் இருப்பது கிட்டத்தட்ட வெறும் பியூட்டேன்.

பட்டிப்பொல ரயில் நிலையம் 6,200 அடிக்கு மேலே இருக்கிறது, இலங்கையிலேயே உயரமானது. ஜனவரி அதிகாலையில் அந்தப் பக்கத்துக் கிழங்குச் செடியில் உறைபனி படிந்து இலை கருகிப்போவதைத் தோட்டக்காரர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கே போய் வெறும் பியூட்டேனை நம்பியது என் பிழை, சரி. ஆனால் கடையிலோ பெட்டியிலோ ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அன்று இரவு எப்படிச் சாப்பிட்டோம் என்றால், பிளாஸ்கில் மிச்சம் இருந்த தேத்தண்ணிச் சுடுதண்ணியைப் பச்சைத் தண்ணியோடு கலந்து, கை வைத்தால் இதமாக இருக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, தட்டையான சாப்பாட்டுத் தட்டில் ஊற்றி, டின்னை அதில் படுக்கவைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சுவாலை எழும்பிவிட்டது. இளஞ்சூடு போதும், அதற்குமேல் வேண்டாம், கொதிநீர் பக்கமே போகக்கூடாது, டின்னை நெருப்புப் பக்கம் காட்டுகிற வீர வேலை அறவே கூடாது. இப்போதெல்லாம் குளிர் இடம் என்றால் மாலையில் இருந்தே டின்னை ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன். தூங்கும்போது காலடிப் போர்வைக்குள் ஒன்று. மச்சான் இதைப் பார்த்து “பிள்ளையைக்கூட நீங்கள் இப்படிப் பார்த்ததில்லை” என்கிறார்.

இன்னொரு சங்கதி, டின்னின் வாயில் ஒரு வெட்டு இருக்கும். டின்னைப் படுக்கவைக்கும்போது அந்த வெட்டு மேலே பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்னக் குழாய் அப்போதுதான் மேல்புற ஆவியை எடுக்கும். கீழே திரும்பினால் திரவமே நேராக அடுப்புக்கு வந்து, மஞ்சள் தீ முழங்கை உயரத்துக்கு எழும்பும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், மச்சானின் இடது புருவம் இப்போது திரும்ப வளர்ந்துவிட்டது. கூடாரத்துக்குள் வைத்துப் பற்றவைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், மூடிய இடத்தில் சேரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்? விறகு மூட்டக்கூடாது என்பதால்தான்.

நான் வளர்ந்தது விறகு அடுப்பில். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறுக் குச்சியைக் கட்டாகத் தலையில் வைத்து அப்பாயி லயத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த மிலாற்றுத் தீயில் வெந்த ரொட்டியின் மணம் எந்தக் கேஸிலும் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வீட்டு அடுப்பு, சுற்றிச் சுவர் இருந்தது, அணைக்க ஆள் இருந்தது. ஊவாப் பக்கம் ஆடி, ஆவணிக் காற்றில் புல்மலை எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு கொள்ளி பறந்தால் மலை முழுக்கக் கறுப்பாகிவிடும். புல் அடுத்த மழைக்கு முளைத்துவிடும், ஓரத்தில் நிற்கும் சோலைக்காட்டு மரம் அப்படி முளைக்காது. ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு மூன்றையும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமை ஆக்கினார்கள், ஆனாலும் முகாம் போட்டவர்கள் விட்டுப்போன கரி வட்டத்தை நக்கிள்ஸ் பக்கம் நானே எண்ணியிருக்கிறேன். கரிக்குள் எரிந்து மிச்சமான நூடுல்ஸ் பை வேறு. அதைப் பொறுக்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்த அடுப்பு வைத்த இடத்தில் காலையில் பார்த்தால் மூன்று கால் பதிந்த தடம்கூட இருக்காது. காற்றுக்குத் தடுப்பாகச் சுற்றி வைத்த கல்லை எடுத்த இடத்தில் திருப்பி வைத்துவிட்டால் கணக்கு முடிந்தது. கல்லை டின்னுக்கு நெருக்கமாக அடுக்காதீர்கள், சூடு திரும்பி டின்னில் அடிக்கும்.

நக்கிள்ஸ் மலைக்குள் இருக்கும் மீமுரைக் கிராமத்துப் பக்கம் இதே அடுப்பு ராசா மாதிரி எரிந்தது. அங்கே உயரமும் குறைவு, குளிரும் குறைவு, அட்டைதான் கூட. தேயிலை மலைகளுக்கு ஊடாகப் போகும் பீக்கோ நடைபாதையில் நடக்கும்போது நான் இதை எடுப்பதே இல்லை. 22 பகுதி, 300 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் பெரும்பாலும் நம்மவர்கள் கொழுந்துக்கூடையோடு நடந்த தோட்டத்துப் பாதைதானே, ஒரு வளைவு திரும்பினால் கடை வந்துவிடும், வடையும் பிளேன் டீயும் கிடைக்கும்போது அடுப்பைச் சுமக்க எனக்கு என்ன விசரா?

சரி, சமையல். இந்த அடுப்பின் எரிவாய் ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மெல்லிய அலுமினியச் சட்டி வைத்தால் நடுவில் கரியும், ஓரத்தில் பச்சை மாவும். முதல் மூன்று பயணம் அப்படித்தான் தின்றோம். அப்புறம் வீட்டில் இருந்து சின்ன இரும்பு ரொட்டிக்கல்லைக் கொண்டுபோனேன். பாரம்தான், ஒரு கிலோவுக்கு மேல் வரும், ஆனால் இரும்பு சூட்டைப் பரப்பிக் கொடுக்கும், தீ சிறுத்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதைத் தூக்குவது மச்சான்.

மாவை வீட்டிலேயே உப்புப் போட்டு டப்பாவில் எடுத்துப்போவேன். தேங்காயைத் துருவிக்கொண்டு போனால் மறுநாளே புளித்துவிடும், அதனால் முழுத் தேங்காய், அங்கே உடைத்து, கரண்டி மாதிரி பல் வைத்த கைத்துருவியில் துருவுவது. மா ஒரு பங்கு என்றால் தேங்காய்ப்பூ அதில் பாதி, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய். தண்ணீர் விடுவதற்கு முன் தேங்காய்ப்பூவை மாவோடு நன்றாகப் பிசைந்து, அந்தப் பாலிலேயே மா கொஞ்சம் பிடிபட்ட பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும், அப்போதுதான் ஆறினாலும் செருப்பு மாதிரி ஆகாது. கட்டசம்பல் வீட்டிலேயே இடித்துவிடுவேன், செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், மாசி. தேசிக்காய் மட்டும் சாப்பிடும்போது பிழிவது. எங்கள் அம்மாவும் அப்பாயியும் கொழுந்து நிறுக்கும் பாரத்தில் நின்று தின்ற பகல் சாப்பாடு இது. முகாம் உணவு என்று பக்கெட்டில் அடைத்து விற்பதையெல்லாம் வாங்கிப் பார்த்தேன், அந்த மலைக்கு அந்த மலையில் பிறந்த சாப்பாடுதான் சரி.

பருப்பு வைக்க ஆசைப்பட்டால் மைசூர்ப் பருப்பைப் பகலிலேயே ஊறப்போட்டுவிடுங்கள். பட்டிப்பொல உயரத்தில் தண்ணீர் 93, 94 பாகையிலேயே கொதித்துவிடும், வீட்டில் வேகும் நேரத்துக்கு அங்கே வேகாது, கேஸ்தான் கரையும். ஊறின பருப்பு என்றால் மூடி போட்டுச் சிறு தீயில் சமாளிக்கலாம். எனக்கும் மச்சானுக்கும் இரவு ரொட்டி, பருப்பு, காலையில் இஞ்சித் தேத்தண்ணி இரண்டு தடவை, இவ்வளவுக்கு ஒரு டின் போதும். குளிர் இடத்தில் ஒன்று கூட எடுக்கிறேன். கருவாடு மட்டும் கொண்டுபோவதில்லை. நடுச்சாமத்தில் காட்டுப்பன்றி வந்து கூடாரத்தை முகர்ந்த பிறகு அந்த ஆசை போய்விட்டது.

ரொட்டிக்கல்லை ஓடையில் கழுவ மாட்டேன். அந்த உயரத்தில் ஓடும் ஒவ்வொரு ஓடையும் கீழே மகாவலியாகவோ களனியாகவோ வளவையாகவோ போகிறது, அதில் நம் சவர்க்கார நுரையும் போக வேண்டுமா? கடைசி ரொட்டித் துண்டால் கல்லைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மிச்சத்தைப் பழைய துணியால் துடைத்து, துணியை டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொண்டுவருவது. மிஞ்சிய ரொட்டியை மரைமானுக்குப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஹோட்டன் சமவெளியில் ஆட்களைக் கண்டதும் கிட்ட வந்து நிற்கிறதே, பாசத்தில் இல்லை, பையைப் பார்க்கிறது. வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனைப் பிடுங்குகிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் அதையும் ஒரு தடவை யோசிக்கலாம்.

இனி இந்த அடுப்பில் எனக்குத் தீராத மனக்குறை, காலி டின். காட்டில் விடமாட்டேன், சரி, வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்வது? வாங்கின கடையில் கேட்டேன், சிரித்தார்கள். பழைய இரும்புக்காரர், கேஸ் டின் என்றதும் கையை விரித்துவிட்டார். திரும்ப நிரப்பும் வால்வு இணையத்தில் விற்கிறார்கள், நான் தொடமாட்டேன், ஒரு தடவைக்கென்று செய்த தகரம் அது, நிரப்பாதே என்று டின்னிலேயே போட்டிருக்கிறது. இப்போது படிக்குக் கீழே சாக்கில் பதினாலு டின் கிடக்கிறது, மனைவி அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்க்கிறார்.

மழைக்காடு, கீழ் மலை, இரண்டு பேர், ஒரு இரவு என்றால் தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நுவரெலியா, அம்பேவல, பட்டிப்பொலப் பக்கம் மார்கழி, தை மாதத்தில் போகிறவர்களுக்கு இரண்டரை, அதுவும் பிளாஸ்க் கையில் இருந்தால். புரொப்பேன் கலந்த டின்னுக்குப் பொருந்தும் அடுப்பு ஒன்றைக் கொழும்பில் பார்த்துவைத்திருக்கிறேன், விலை மூன்று மடங்கு. மச்சான் அந்தக் காசுக்குப் பாரம் குறைந்த ரொட்டிக்கல் வாங்கச் சொல்கிறார்.