பலகையை மாற்றுவதா, பீடத்தைப் பெயர்ப்பதா: எது நிலைக்கிறது?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தளபதிகள் பெயரில் ஒன்பது ராணுவத் தளங்கள் இருந்தன. டிரம்ப்பின் வீட்டோவை மீறி 2021 ஜனவரி 1 அன்று நிறைவேறிய சட்டம், பெயர் மாற்றத்துக்கு எட்டுப் பேர் குழுவை அமைத்தது. 2023க்குள் ஒன்பதும் மாறின. 2025இல் ஒன்பதும் பழையபடி ஆகிவிட்டன. ஆனால் பொது இடங்களிலிருந்து அகற்றிய அந்தத் தரப்புத் தளபதிகளின் சிலைகள் எல்லாம் அப்படித் திரும்பிவிடவில்லை. ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்ப்போம்: அடுத்து வருபவர் இதைத் திருப்ப முடியுமா?

முதல் வழி, புதிய பெயர். வாயில் பலகை, தெருப் பெயர்கள், வரைபடங்கள், இணைய முகவரிகள், மாநில அரசு வைத்த நெடுஞ்சாலைப் பலகைகள் என்று வேலை நீளும். தளங்களுக்கு மட்டும் சுமார் 2.1 கோடி டாலர், மற்ற எல்லாம் சேர்த்து 6.25 கோடி என்று குழு கணக்கிட்டது. தேர்வு பொருந்தினால் அழகுதான். தளவாடப் பயிற்சி நடக்கும் ஃபோர்ட் லீக்கு, தளவாடத் துறையிலேயே உயர்ந்த கறுப்பின ஜெனரல் ஆர்தர் கிரெக், தபால் படைப்பிரிவை நடத்திய சாரிட்டி ஆடம்ஸ் இருவர் பெயரையும் வைத்தார்கள். கிரெக் உயிரோடிருக்கும்போதே, 2023 ஏப்ரல் 27 அன்று. ஃபோர்ட் பிராக்கை ஃபோர்ட் லிபர்ட்டி ஆக்கியதுதான் சொதப்பல். ஆளில்லாத பெயர் படைவீரர் வாயில் ஒட்டவில்லை.

இரண்டாவது, பெயரை விட்டுவிட்டு ஆளை மாற்றுவது. தென்மாநிலத் தளபதிகளுக்கு மரியாதை கூடாது என்று சட்டம் சொன்னதே தவிர, அந்த எழுத்துகள் கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் 2025 பிப்ரவரியில் பிராக் திரும்பியது. இம்முறை பெயருக்குரியவர், இரண்டாம் உலகப் போரில் வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்ற ரோலண்ட் பிராக். ஃபோர்ட் ஏ.பி. ஹில்லுக்குத்தான் படாத பாடு. ஆண்டர்சன், பின் (Pinn), ஹில் என மூன்று பேரைச் சேர்த்தால்தான் முதலெழுத்துகள் பொருந்தின. மூவரும், பழைய பெயருக்குரிய தென்மாநிலத் தளபதி ஏ.பி. ஹில்லின் எதிர்த்தரப்பான வடக்குப் படையினர்! பதக்க வீரர்களுக்கு இது மரியாதை என்பதை மறுக்கவில்லை. ஆனால் பலகைச் செலவு இரண்டு முறை ஆனது.

சிலைகளுக்கு வருவோம். பக்கத்தில் விளக்கப் பலகை வைப்பது மலிவு, பலனும் அவ்வளவே. இருபதடி வெண்கலத்துக்குக் கீழே முழங்கால் உயர வாசகத்தை யார் நின்று படிக்கிறார்கள்? கூட்டம் கயிறு கட்டி இழுப்பது ஆபத்து. 2020 ஜூனில் வர்ஜீனியாவின் போர்ட்ஸ்மத்தில் விழுந்த சிலை ஒருவரின் மண்டையைப் பதம் பார்த்தது. அதே மாதம் வாஷிங்டனில் இழுத்துத் தள்ளிய தென்மாநிலத் தளபதி ஆல்பர்ட் பைக் சிலை, மத்திய அரசின் சொத்தாகவே இருந்ததால், 2025 அக்டோபரில் பீடத்துக்குத் திரும்பியது.

முறையாக அகற்றினாலும் உரிமை கைமாறாவிட்டால் கதை அதுதான். ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் உள்ள தென்மாநிலப் படையினர் நினைவுச் சின்னத்தில் வெண்கலத்தை மட்டும் எடுத்து, சுற்றியுள்ள கல்லறைகள் குலையாமலிருக்கக் கருங்கல் அடித்தளத்தை விடச் சொன்னது குழு. கல்லறைகள் சேதமாகின்றன என்று வழக்கு வந்ததும் வேலை நின்றது. நீதிபதி நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார். 2023 டிசம்பரில் இறங்கிய அந்த வெண்கலத்தை மீண்டும் நிறுவப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்துவிட்டது.

வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்ட் கெட்டிக்காரத்தனம் செய்தது. அங்கே 1890இல் எழுந்த, தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் சிலை 21 அடி, 12 டன். 2021 செப்டம்பர் 8 அன்று கிரேனில் இறக்கி, லாரியில் கொண்டுபோக வசதியாக லீயை இடுப்போடு அறுத்தார்கள். பிறகு உரிமையையே கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். என் ஓட்டு இதற்குத்தான்: பொருளும் மிஞ்சுகிறது, அடுத்த ஆட்சியின் கைக்கும் எட்டாது.

அதே மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கிருந்த லீ சிலையையும் கறுப்பின மரபு மையம் ஒன்றுக்குத்தான் கொடுத்தார்கள். வழக்குகள் தள்ளுபடியான பின், 2023 அக்டோபரில் அந்த மையம் சிலையைத் துண்டு போட்டு உலையில் உருக்கி, புதிய பொதுக் கலைப்படைப்புக்காக வெண்கலக் கட்டிகளாக வார்த்துவிட்டது.