வன்னிக்கு எந்த பெற்றோல் என்ஜின்: நேரடி இன்ஜெக்‌ஷனா, போர்ட் இன்ஜெக்‌ஷனா?

பாவித்த யப்பான் கார் வாங்கப் போகிறவர்கள் ஆண்டு, ஓடிய கிலோமீற்றர், ஹைபிரிட் பற்றரி எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். என்ஜினுக்குள் பெற்றோல் எங்கே பீச்சப்படுகிறது என்று கேட்பவர் அரிது. ஒரே நிறுவனத்தின் 1.5 லீற்றர் ஹைபிரிட் கார்களிலேயே இரு வகையும் உண்டு: 2013இல் வந்த ஹொண்டா ஃபிட்டில் போர்ட் இன்ஜெக்‌ஷன், அதே ஆண்டு வந்த வெசலில் நேரடி இன்ஜெக்‌ஷன். எமது வீதிகளில் நிறைந்திருக்கும் டொயோட்டா அக்வாவும் சுசுகி வேகன் ஆரும் போர்ட் வகை. ஹொண்டா சிவிக்கின் 1.0 லீற்றர் டர்போ நேரடி வகை.

போர்ட் வகையில், காற்று உள்ளே போகும் வழியில், வால்வுக்கு முன்னால், சுமார் 3, 4 பார் அழுத்தத்தில் பெற்றோல் தூவப்படுகிறது. நேரடி வகையில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இயக்கும் உயரழுத்தப் பம்பு 200 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தி, சிலிண்டருக்குள்ளேயே பீச்சுகிறது. உள்ளே ஆவியாகும் பெற்றோல் காற்றைக் குளிர்விப்பதால் என்ஜின் நொக் அடிப்பது, அதாவது பெற்றோல் தாறுமாறாகப் பற்றித் தட்டுவது, குறைகிறது. அழுத்த விகிதத்தை, அதாவது எரியும் முன் கலவை எவ்வளவு நெருக்கப்படுகிறது என்பதை, கூட்டலாம். சிறிய என்ஜினிலிருந்து கூடுதல் இழுவை கிடைக்கும். 1954இன் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரிலேயே இருந்த இந்த முறையை, 1996இல் மிட்சுபிஷி கலன்ட் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் சாதாரண காருக்குக் கொண்டுவந்தது. அருமையான பொறியியல்தான், மறுக்கவில்லை.

இந்த நன்மைக்கான விலை வேறிடத்தில் கேட்கப்படுகிறது. போர்ட் வகையில் பெற்றோல் வால்வின் பின்புறத்தைக் கழுவிக்கொண்டே போகும். நேரடி வகையில் அங்கே ஒரு துளியும் படுவதில்லை. கிராங்க் அறையிலிருந்து திரும்பி வரும் ஒயில் ஆவி சூடான வால்வில் படிந்து கரியாகிறது. காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தால் வால்வுத் தண்டைச் சுற்றி, அடிப்பிடித்த சோறு போல, சுரண்டினாலும் எளிதில் வராத கறுப்புப் படை. காலையில் என்ஜின் நடுங்கும், ஐட்லிங் தடுமாறும். இதற்கென்று தாங்கியில் ஊற்றச் சொல்லி விற்கும் போத்தல் மருந்தை வாங்காதீர்கள். அது இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யலாம். வால்வின் பின்புறத்தை எட்டவே எட்டாது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் கரியை அகற்றுவார்கள். அதற்கான கருவி எல்லாக் கராஜிலும் இருக்காது.

அடுத்தது எரிபொருள். யுத்தகாலப் பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்புரேட்டரில் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களைக் கண்ட மண் இது. அந்தப் பொறுமையை உயரழுத்தப் பம்பிடம் எதிர்பார்க்க முடியாது. அதற்கு உயவே பெற்றோல்தான். கானில் அடைத்து வைத்த பெற்றோலில் நீரும் கிரவல் தூசியும் சேர்ந்தால் முதலில் அடிபடுவது அந்தப் பம்பும் இன்ஜெக்டர்களும்தான். போர்ட் இன்ஜெக்டரும் அடைபடும், ஆனால் கழற்றிச் சுத்தம் செய்வது எளிது, செலவும் குறைவு.

நேரடி வகையோடு டர்போவும் சேர்ந்திருந்தால் ஒயிலில் கஞ்சத்தனம் கூடாது. குறைந்த வேகத்தில் மிதிக்கும்போது முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு இவற்றில் உண்டு, ஏ.பி.ஐ. (அமெரிக்க பெற்றோலிய நிறுவனம்) வகுத்த எஸ்.பி. தர ஒயில் அதற்கு எதிராகவும் சோதிக்கப்பட்டது. நேரடி வகை நுண்துகள் புகையும் கூடுதலாகக் கக்கும்.

டொயோட்டா 2005இலிருந்து சில என்ஜின்களில் இரு வகை இன்ஜெக்டரையும் சேர்த்து வைக்கிறது. கரிக்கு நல்ல தீர்வு, ஆனால் பெரும்பாலும் பெரிய, விலை கூடிய கார்களில்.

வவுனியாவில் இருந்துகொண்டு ஏ9 வீதி வழியாக அடிக்கடி கொழும்பு போய்வருபவர், நல்ல ஒயிலுக்கும் சர்வீசுக்கும் செலவழிக்கத் தயங்காதவர், நேரடி வகையைத் தாராளமாக வாங்கலாம். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ பாடசாலைக்கும் சந்தைக்கும் குறுந்தூரம் ஓடுபவருக்கு நான் போர்ட் வகையைத்தான் சொல்வேன். என்ஜின் சூடேறும் முன்பே நிறுத்தும் ஓட்டத்தில் நேரடி வகையின் பெற்றோல் சிலிண்டர் சுவர் வழியே ஒயிலில் கலக்கும்.

நேரடி வகைதான் வேண்டுமென்றால், காசு கொடுக்கும் முன் காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டிக் டிக் என்ற இன்ஜெக்டர் ஒலி இயல்பானது, நடுக்கம் இயல்பானதல்ல. ஒயில் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டி, பெற்றோல் வாடையும் அடித்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.