"தொடர் ஓட்டம் 40 வாட்" லீனியர்: மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீங்க

நெல்லை வட்டாரத்து ஹாம்களிடையே (அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) ஒரு ஹெச்.எஃப். லீனியர், அதாவது சிற்றலை சிக்னலை வலுவாக்கும் ஆம்ப்ளிஃபையர், கைமாறிக்கொண்டிருக்கிறது. கறுப்புப் பெட்டி, 28 வோல்ட் சப்ளை, உள்ளே ஒரு ஜோடி ஐ.ஆர்.எஃப். 510 டிரான்சிஸ்டர், விலை 9,500 ரூபாய். முகப்பில் ஒரு ஸ்டிக்கர்: "40 வாட், தொடர் ஓட்டம், எஃப்.டி.8க்கு ஏற்றது." தொடர் ஓட்டம் என்றால் விடாமல் அனுப்பினாலும் தாங்கும் என்று அர்த்தம்; எஃப்.டி.8 என்பது கணினி வழியாகச் சின்னச் செய்திகளை அனுப்பும் டிஜிட்டல் முறை. விற்பவர் பெயர் இங்கே வேண்டாம், பெட்டியின் லட்சணத்தைச் சொன்னாலே போதும்.

பாளையங்கோட்டையில் வாங்கியவரிடம் அது மே மாத மதியத்தில் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஒரு டிரான்சிஸ்டரில் டிரெயின் காலும் கேட் காலும் ஷார்ட். 28 வோல்ட் கேட் வழியாகப் பின்னால் இறங்கி, பயஸுக்கு (டிரான்சிஸ்டரைச் சற்றுத் திறந்து வைக்கும் கேட் வோல்டேஜ்) இருந்த 78எல்05 ரெகுலேட்டரையும் கொண்டுபோய்விட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: "ஆன்டெனாவைப் பாரும் அண்ணாச்சி, எஸ்.டபிள்யூ.ஆர். ஏறியிருக்கும்." ஆன்டெனா பொருந்தாமல் சக்தி திரும்பி வருவதைக் காட்டும் அந்த அளவு ஏறவில்லை, அனலைசரில் 1.3தான். அடுத்த பதில், மூடியில் ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது என்பது. ஸ்டிக்கரைக் கிழிக்காமல் மூடியைத் திறக்க முடியாதபடிதான் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் என்பது திறந்ததும் தெரிந்தது.

முதலில் ஃபேன். டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்கில் கே.எஸ்.டி. 301 தெர்மல் சுவிட்ச் ஒன்று, 70 டிகிரி. அதன் வழியாகத்தான் ஃபேனுக்குக் கரண்ட். இந்த சுவிட்சில் இரண்டு வகை உண்டு: சூடானால் சேர்வது ஒன்று, சூடானால் பிரிவது இன்னொன்று. ஃபேனுக்குச் சேர்வது வேண்டும். இதில் போட்டிருப்பது பிரிவது. அதனால் ஆன் செய்ததும் ஃபேன் ஜோராகச் சுற்றும், 70 டிகிரி வந்ததும் நின்றுவிடும். ஃபேன் சத்தம் அடங்கியபோது சூடு தணிந்துவிட்டது என்றுதான் வாங்கியவர் நினைத்திருக்கிறார். அதுவும் ஃபேன் இருப்பது பெட்டியின் அடியில். ரப்பர் கால் 5 மில்லிமீட்டர் உயரம். மேசை மேல் வைத்தால் காற்று எங்கிருந்து வரும்?

அடுத்தது டிரான்சிஸ்டருக்கும் சிங்குக்கும் நடுவில் இருந்த பேட். ஐ.ஆர்.எஃப். 510இன் முதுகுத் தகடு டிரெயினோடு இணைந்தது, அதாவது 28 வோல்ட் அதில் இருக்கும். இன்சுலேஷன் இல்லாமல் சிங்கில் முடுக்க முடியாது. அதற்கு மெல்லிய மைக்கா போதும். இதில் வைத்திருந்தது 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள நீல நிற மெத்தைப் பேட். சமமில்லாத பரப்புகளுக்கு நடுவே இடைவெளியை நிரப்பத்தான் அது லாயக்கு. இந்த டிரான்சிஸ்டரின் உடலளவான டி.ஓ.220 அளவுக்கு வெட்டினால் வாட்டுக்கு ஏறக்குறைய 4 டிகிரியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். பேஸ்ட் பூசிய மைக்கா 1 டிகிரிதான் பிடிக்கும். இந்தப் பேட்டின் மேல் சட்னி மாதிரி வெள்ளை பேஸ்ட்டை வேறு அப்பியிருக்கிறார்கள்.

இனி கணக்கு. 28 வோல்ட், 2.8 ஆம்பியர் என்றால் உள்ளே போவது 78 வாட். ஆன்டெனாவுக்கு 40. மீதி 38 வாட் சூடு, ஒரு டிரான்சிஸ்டருக்கு 19. டிரான்சிஸ்டரின் உள்ளேயே, சில்லிலிருந்து தகடு வரை, வாட்டுக்கு 3.5 டிகிரி தடை என்று டேட்டா ஷீட் சொல்கிறது. அது 66 டிகிரி. பேட்டில் 76 டிகிரி. சிங்க் 68 என்று வைத்தால் சில்லு 210. அனுமதி 175 வரைதான். டேட்டா ஷீட்டில் "43 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருப்பது தகடு 25 டிகிரியில் இருந்தால் மட்டும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறையில் அந்த எண்ணுக்கு மரியாதை இல்லை.

அந்த 68 எங்கிருந்து வந்தது என்றால், டிரான்சிஸ்டருக்கு ஆபத்தில்லாத ஒரு சோதனையிலிருந்து. எஃப்.டி.8இல் 15 விநாடிக்கு ஒரு முறை, அதில் 12.64 விநாடி முழு வீச்சில் அனுப்பும், அடுத்த முறை கேட்கும். ஆக 30 விநாடியில் 42 சதவீதம். 38 வாட்டில் 42 சதவீதம் 16 வாட். நல்ல ஜோடி ஒன்றைப் போட்டு, உள்ளீடு இல்லாமல், ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடைக் கட்டி, பயஸை மட்டும் ஏற்றி ஒவ்வொன்றிலும் 0.29 ஆம்பியர் ஓடவிட்டால் அதே 16 வாட் சூடு டி.சி.யிலேயே கிடைக்கும். சூடாக ஆக கரண்ட் தானே ஏறும், பயஸைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். இந்தப் பெட்டியில் பயஸைச் சூட்டுக்கேற்ப இறக்க ஒரு டயோடோ தெர்மிஸ்டரோ சிங்கில் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அறை 38 டிகிரி, கால் மணி நேரத்தில் சிங்க் 68. ஃபேன் ஓடும்போதே இது. இன்னும் 2 டிகிரி ஏறினால் ஃபேனும் நிற்கும்.

விற்கும் இடத்தில் காட்டும் வித்தையையும் சொல்ல வேண்டும். டம்மி லோடில் மைக்கைப் பிடித்து அரை நிமிஷம் பேசுகிறார்கள். பிறகு தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை ஹீட் சிங்க் மேல் காட்டினால் 39 டிகிரி என்று வருகிறது. எஸ்.எஸ்.பி. என்னும் குரல் முறையில் பேசும்போது சராசரிச் சூடு குறைவு, அது ஒரு பக்கம். பளபளப்பான வெற்று அலுமினியம் இன்ஃப்ராரெட்டை மிகக் குறைவாகவே வெளிவிடும், எதிரே இருப்பதைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். ஆக துப்பாக்கி படிப்பது சிங்கை அல்ல, சுவரை. அதே சிங்கில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒரு நிமிஷம் விட்டு டேப்பின் மேல் துப்பாக்கியைக் காட்டிப் பாருங்கள். இந்தப் பெட்டியில் வெற்று இடத்தில் 41 என்று காட்டியபோது டேப்பில் 68. பத்து ரூபாய் டேப், பையிலேயே கிடக்கட்டும்.

வாங்கப் போகும்போது மூடியைத் திறக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடலாம். ஃபேன் சுவிட்சின் மேல் சால்டரிங் அயர்னைச் சற்று நேரம் வைத்தால் ஃபேன் ஓட ஆரம்பிக்க வேண்டும், நிற்கக் கூடாது. சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டைக் குளிர்ந்த நிலையில் ஒரு முறை, பத்து நிமிஷ ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். இரட்டிப்பானால் பயஸ் இழப்பீடு இல்லை. மைக்கில் பேசிக் காட்டுவதை நம்பாமல், குரல் இல்லாத முழு வீச்சு அலையான கேரியரை 12 விநாடி அழுத்தி, சற்று நிறுத்தி, மறுபடி அழுத்தச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, டிரான்சிஸ்டரும் போலி இல்லை. மாற்ற வேண்டியது சூடு போகும் வழி மட்டும். ஒரு வாட் சூட்டுக்கு 0.5 டிகிரி மட்டும் ஏறும் சிங்க் வேண்டும், பழைய இரும்புக் கடையில் யு.பி.எஸ்., காற்றாலை கன்ட்ரோல் பேனல் உடைக்கும் இடத்தில் கிலோ கணக்கில் கிடைக்கும். டிரான்சிஸ்டர் உட்காரும் இடத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் கண்ணாடி மேல் 400 நம்பர் எமரித் தாளை விரித்துத் தேய்க்க வேண்டும். (அலுமினியத்தை மட்டும். வெள்ளைப் பீங்கான் உடம்புள்ள பழைய ஆர்.எஃப். டிரான்சிஸ்டர்களை ஒருபோதும் தேய்க்காதீர்கள், பெரிலியம் ஆக்சைடு தூசி நுரையீரலுக்கு விஷம்.) ஓட்டையின் பிசிரை எடுத்துவிட்டு மைக்கா, ஸ்க்ரூ சிங்கைத் தொடாமலிருக்க பிளாஸ்டிக் புஷ் வளையம், மைக்காவின் இரு பக்கமும் தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுக்கு பேஸ்ட். முடுக்கிய பின் தகட்டுக்கும் சிங்குக்கும் நடுவே ஷார்ட் இல்லை என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் 28 வோல்ட் கொடுக்கக் கூடாது. இப்படிச் செய்தால் அறை 40 டிகிரி இருந்து விடாமல் அழுத்தினாலும் சிங்க் 59, மைக்காவில் 19, உள்ளே 66, மொத்தம் 144.

சுவிட்ச் இரண்டு போடுங்கள். 45 டிகிரியில் சேர்வது ஃபேனுக்கு, 75 டிகிரியில் பிரிவது பயஸ் லைனுக்கு. பழைய 70 டிகிரி சுவிட்சையே பயஸ் லைனுக்கு மாற்றிக்கொண்டாலும் சரி. ஃபேன் சிங்கின் இறகுகள் மேல் நேராக ஊத வேண்டும். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண் ஆனி ஆடிக் காற்றில் ஃபேனுக்குள் புகுந்துவிடும், உவரிக் கரையில் உப்பு. அங்கே இருப்பவர்கள் பால் பேரிங் ஃபேனாகப் பார்த்து வாங்கி, இறகுகளை மாதத்துக்கு ஒரு முறை பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பது நல்லது.

கடைசியாகக் கிடைத்த தகவல்: விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை, இரண்டு டிரான்சிஸ்டர் மட்டும் அனுப்பியிருக்கிறார். அதே பெட்டி இப்போது சாம்பல் நிறத்தில், "60 வாட்" ஸ்டிக்கரோடு வருகிறது. அடியில் ஃபேன், 5 மில்லிமீட்டர் ரப்பர் கால், மூடி இடுக்கின் மேல் குறுக்காக வாரண்டி ஸ்டிக்கர். இந்த மூன்றையும் பார்த்தால் அதுதான்.