கெனன் 700டி + 18-55 எஸ்டிஎம் லென்ஸ்: போட்டோ பழக இது போதும் (மொடல் ரயில் வச்சுப் பாத்த ரிவியூ)

திருகோணமலையில ஆராவது கெமரா வாங்கினா முதல்ல ஓடுறது கோணேசர் கோயிலுக்கும் உப்புவெளி கடற்கரைக்கும்தான். வடிவான இடங்கள்தான், ஆனா பழகுறதுக்கு உதவாது எண்டுறது என்ட கருத்து, ஏனெண்டா வெயில் ஏற ஏற வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், படம் திருந்தினது எஃப் நம்பரை (லென்ஸுக்குள்ள வெளிச்சம் வாற ஓட்டை, அதாவது அப்பேச்சர், எவ்வளவு எண்டு சொல்ற இலக்கம், இலக்கம் கூடினா ஓட்டை சின்னது) மாத்தினதாலயா வெளிச்சத்தாலயா எண்டு கண்டுபிடிக்க ஏலாது. நான் பழகினது உவர்மலையில மாமா வீட்டு மேல்மாடியில. அவர் ஹோர்ன்பி கொம்பனிட ஓஓ ஸ்கேல் மொடல் ரயில் லேஅவுட் வச்சிருக்கார், 1:76 அளவு, அதாவது உண்மையான ரயில்ல 76ல ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அங்க லைட் அசையாது, இஞ்சின் அசையாது, ஒரு நேரத்தில ஒண்டை மட்டும் மாத்திப் பாக்கலாம்.

கெமராவோட சேந்து வாற இந்த 18-55 கிட் லென்ஸைப் பலர் மட்டமா நினைக்கிறாங்க. இந்த வேலைக்கு அது அருமையான லென்ஸ், 25 செ.மீ. கிட்ட வரைக்கும் ஃபோகஸ் ஆகும். உண்மையான ரயிலைத் தூரத்தில நிண்டு எடுத்தா முன்னுக்குப் பின்னுக்கு எல்லாம் தெளிவா விழும், மொடலைக் கிட்டப் போய் எடுத்தா மூக்கு மட்டும் தெளிவா இருந்து மிச்சமெல்லாம் கலங்கிப் போகும், அதாலதான் அது விளையாட்டுச் சாமான் எண்டு பாத்த உடனே தெரியுது. படத்தில 22 செ.மீ. அகலம் வாற மாதிரி லென்ஸை 55 மி.மீ.க்கு (ஆகக் கூடின ஸூம்) திருப்பி எடுத்துப் பாருங்க, எஃப் 5.6ல தெளிவா விழுறது ரெண்டு செ.மீ. சொச்சம், எஃப் 16ல ஆறு ஏழு செ.மீ. வரும். 18க்கு (ஆக அகலமாத் தெரியிற பக்கம்) மாத்தி எஃப் 16 வச்சு 40 செ.மீ.ல ஃபோகஸ் பண்ணினா 30ல இருந்து 60 வரைக்கும் தெளிவு, ஸ்டேஷன், சிக்னல், இஞ்சின் எல்லாம் ஒரே படத்தில! எஃப் 22க்குப் போகாதீங்க, படம் முழுக்க லேசா மங்கும். அப்பேச்சர் எண்டா என்னெண்டு எத்தின வீடியோ பாத்தும் விளங்காதது ஒரு பின்னேரத்தில விளங்கிடும்.

700டியில எனக்கு மிச்சம் பிடிச்சது திரும்புற ஸ்க்ரீன். கெமராவை மேசையில தண்டவாளத்துக்குப் பக்கத்தில வச்சிட்டு ஸ்க்ரீனை மேல திருப்பிப் பாக்கலாம், லைவ் வியூவில (ஸ்க்ரீன்ல நேரடியாப் பாக்கிறது) 10 மடங்கு பெரிசாக்கி ஃபோகஸ் பிடிக்கலாம். ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு கெமரா காட்டுற உணர்திறன்) 100ல வைங்க, கை பட்டு ஆடாம இருக்க 2 செக்கன் டைமர் போடுங்க, கெமரா மேசையில இருக்கிறதால ஷட்டர் ஒரு செக்கன் திறந்திருந்தாலும் பரவாயில்ல. ஒரு மனுசன்ட கண் உயரம் இந்த ஸ்கேல்ல 2 செ.மீ.தான், லென்ஸே அதைவிடத் தடிப்பு, அவ்வளவு பதிவா எடுக்க ஏலாது. அந்தக் கோணம் வேணுமெண்டா ஃபோனைத் தலைகீழாப் பிடிங்க, அதின்ட லென்ஸ் ஓரத்திலதானே இருக்கு.

லைட் ஒண்டே ஒண்டு போடுங்க, நிழலும் ஒரு பக்கம் மட்டும் விழும், ஜன்னலைச் சாத்திடுங்க, இல்லாட்டி மஞ்சளும் நீலமும் கலந்து வரும். படம் எடுக்க முதல் பிரஷால தூசியைத் தட்டணும், 1 மி.மீ. தூசி இந்த ஸ்கேல்ல ஏழரை செ.மீ. கல்லு.

ஓடுற ரயில் எடுத்துப் பழகவும் நல்லது, உண்மையான கொழும்பு ரயில் ஸ்டேஷனை விட்டுப் போனா போனதுதான், இது வட்டம் சுத்தித் திரும்பத் திரும்ப வரும். செக்கனுக்கு 20 செ.மீ. ஓடவிட்டு ஷட்டரை 1/4 செக்கன்ல வச்சு எடுத்தா 5 செ.மீ. இழுபடும், 1/200ல 1 மி.மீ.தான்.

குறை எண்டா, 55ல எஃப் 5.6க்குக் கீழ போகாது, வெளிச்சம் குறைஞ்ச இடத்தில ட்ரைபொட் கட்டாயம், கெமரா ஓஃப்ல இருந்தா ஃபோகஸ் வளையத்தைத் திருப்பியும் வேலையில்ல. ஆனா பழகிறவங்களுக்கு ஆகக் கிட்ட எடுக்கிறதுக்கெண்டே இருக்கிற மெக்ரோ லென்ஸுக்குக் காசு செலவழிக்க முதல் இதைத்தான் சொல்லுவன். செகண்ட் ஹேண்ட்ல எடுக்கிறதெண்டா லென்ஸுக்குள்ள டோர்ச் அடிச்சுப் பூஞ்சணம் இருக்கா எண்டு பாருங்க, எங்கட கடல் காத்துக்கு அது கெதியாப் பிடிக்கும், வாங்கின பிறகும் காத்துப் புகாத டப்பாவில சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.